தங்கராஜின் முடியும் ஞாயிற்றுக்கிழமை டீ டான்ஸும்

பேண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

போன மாதம் உங்கள் ஒத்திகையைப் பார்க்க வந்தபோது ஆளுக்கொரு கேள்வி கேட்டீர்கள். எந்தத் தந்தி நல்லது, எந்த ஆம்ப் தாங்கும், அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று. நான் ஒன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. உங்களில் யாரோ தண்ணீர் பாட்டிலை மூடாமல் மின்சாரப் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். அது விழுமா, விழாதா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் கேள்விகள் காதில் ஏறவே இல்லை. கடைசிவரை அது விழவில்லை. ஆனாலும் வீடு போய்ச் சேரும்வரை எனக்கு அதே நினைப்பு. நான் அப்படிப்பட்ட ஆள்.

கருவிகளைப் பற்றி உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். வாழ்நாள் முழுக்க வாசித்தது பாஸ் கிட்டார் ஒன்றுதான். கவலைப்படுகிறவனுக்கு ஏற்ற கருவி அது. ஃபங்க் இசையில் மற்றவர்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடலாம். தாளத்தின் முதல் தட்டில் மட்டும் எல்லாரும் ஒன்றாகக் காலை ஊன்ற வேண்டும். அந்தத் தட்டு வரும்போது பாஸ் அங்கே இருந்தே ஆக வேண்டும். வருதா, வருதா என்று உள்ளுக்குள் பதறிக்கொண்டே இருப்பவன் அதைத் தவறவிட மாட்டான். என் பதற்றம் நாலு பேருக்குப் பயன்பட்ட ஒரே இடம் அதுதான்.

அதனால் கருவியை விட்டுவிட்டு ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், அவன் தலைமுடியைப் பற்றி.

எழுபதுகளின் நடுவில் நான் ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு டயர்க் கடையில் வேலை பார்த்தேன். நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கடையின் பின்கட்டில் பழைய டயர்களைக் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருப்போம். அதற்குள் நின்று எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. ரப்பர் சத்தத்தைக் குடித்துவிடும். முதலாளி வீட்டுக்குக் கிளம்பும்போது, "சாவி பத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான் அந்தச் சாவியைப் பாதிப் பாட்டில் கூடத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அங்கேதான் எங்கள் பேண்ட் பிறந்தது. ஆர்கன் வாசித்த நேசன் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பையன். அவன் அப்பா அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம். பினாங்கில் இருந்த சொந்தக்காரர் மூலம் அமெரிக்க சோல், ஃபங்க் இசைத்தட்டுகள் அவனுக்கு வந்துகொண்டே இருந்தன. டிரம்ஸும் கிட்டாரும் அண்ணன் தம்பி இருவர். புந்தோங்கில் அவர்களைப் பெரியவன், சின்னவன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஒருவன் ஆரம்பிக்கும் பேச்சை மற்றவன் முடிப்பான். பாடத்தான் ஆள் இல்லை.

ஒருநாள் நானும் நேசனும் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே ஓர் இளைஞன் நின்றான். ஒல்லி உடம்பு. அதற்கு மேலே தலையைச் சுற்றி அடர்ந்து, சுருண்டு, வட்டமாக நின்ற முடி. நேசனின் இசைத்தட்டு அட்டைகளில் இருப்பவர்களுக்குக் கூட அவ்வளவு கிடையாது.

நேசன் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். "மச்சான், அங்க பார். அதுதான் எங்கட பாட்டுக்காரன்."

"பாடுவானாடா?"

"அதைப் பிறகு பாப்பம். தலையைப் பார் முதல்ல."

அவன்தான் தங்கராஜ். கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன். அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை. அவன் புந்தோங்கில் அத்தை வீட்டில் தங்கி ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். ஆங்கிலம் அவனுக்கு அவ்வளவாக வராது. நேசன் பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பான். அர்த்தம் தெரியாமலே பாடுவான். ஆனால் பாடினான் பாருங்கள்! முதல் நாள் டயர்களுக்கு நடுவில் நின்று அவன் வாயைத் திறந்தபோது பெரியவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டான். தொண்டையில் மணல் கலந்த மாதிரி ஒரு குரல். அழுகிறானா, சண்டைக்கு வருகிறானா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

பாடி முடித்து எங்களைப் பார்த்தான். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? சின்னவன் சொன்னான், "தலைக்கு என்னா எண்ணெய் போடுற?" அவ்வளவுதான்.

நம் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். நன்றாக இருக்கிற எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கண் பட்டுவிடும். கொழுகொழு என்று குழந்தை பிறந்தால் கன்னத்தில் மையைத் தடவி அசிங்கப்படுத்துகிறவர்கள் நாம். தங்கராஜின் குரலை நாங்களும் அப்படித்தான் பொத்திப் பொத்தி வைத்தோம். முடியைப் பற்றி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசினோம், கிண்டல் செய்தோம், மற்றவர்களிடம் பீற்றிக்கொண்டோம். அதன் விலை பிறகு தெரிந்தது.

முதல் நிகழ்ச்சி ஒரு தோட்டத்துக் கல்யாண வரவேற்பு. மத்தியான நேரம், தகரக் கூரைக்குக் கீழே வெயில் கொதித்தது. ஜனங்கள் சினிமாப் பாட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஃபங்கைத் தொடங்கினோம். முன்வரிசைப் பெரியவர்கள் யாருக்கோ வலிப்பு வந்ததைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் தங்கராஜுக்கு வரி மறந்துபோனது. மைக்கைப் பிடித்தபடி நின்றான். எனக்குக் கை வேர்த்து விரல் தந்தியில் வழுக்கியது. அவன் என்ன செய்வது என்று தெரியாமல் தலையை ஓர் ஆட்டு ஆட்டினான். அந்த முடி மொத்தமும் காற்றில் குலுங்கியது. கூட்டம் ஓவென்று கத்தியது. பையன்கள் நாற்காலி மேல் ஏறினார்கள்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் வித்தையாகிவிட்டது. ஒவ்வொரு பாட்டிலும் ஓர் இடைவெளி விடுவோம். டிரம்ஸ் மட்டும் ஓடும், தங்கராஜ் தலையை ஆட்டுவான், ஜனங்கள் கத்துவார்கள். தம்பிகளே, ஒருமுறை உங்களைக் காப்பாற்றிய தந்திரத்தை ஒவ்வொரு முறையும் செய்யாதீர்கள். அது இல்லாமல் நிற்கவே முடியாது என்று உங்களுக்கே தோன்ற ஆரம்பித்துவிடும்.

இரண்டு வருடம் போல் இப்படி ஓடியது. பிறகுதான் ஈப்போ டவுனில் இருந்த ஒரு லவுஞ்சில் இருந்து அழைப்பு வந்தது. அதை நடத்தியவர் ஒரு சீன அம்மா. எல்லாரும் அவரை மேடம் என்போம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கே டீ டான்ஸ் நடக்கும். டீயும் கேக்கும் சாப்பிட்டுக்கொண்டே ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். ஒரு ஞாயிறு வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வாராவாரம் எங்களுக்கே. எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பெரிய இடம் ஈப்போவில் கிடையாது.

மேடம் மலாயில் பேசினார், நடுநடுவே தமிழும் வரும். பிரமாதம் என்பதற்கு அவர் பாகூஸ் என்பார். "பாட்டு பாகூஸ். மிச்சம் எல்லாம் பாகூஸ். ஆனா அந்தத் தலை என் கதவுக்குள்ள வரக் கூடாதுலா." அந்த வருடங்களில் ஆண்கள் நீள முடி வைத்தால் கெடுபிடி அதிகம். லவுஞ்ச் லைசென்சுக்கே ஆபத்து என்றார். என் சட்டைக் காலரைப் பிடித்து, அதற்கு மேலே இரண்டு விரலை வைத்துக் காட்டினார். "இங்க நிக்கணும் முடி. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு."

டயர்க் கடையில் விஷயத்தைச் சொன்னேன். தங்கராஜ் முகம் வெளுத்துவிட்டது.

"முடியாதுண்ணே. இது சாமிக்கு விட்ட முடி."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஃபேஷன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அவன் தங்கைக்குப் பெரிய காய்ச்சல் வந்து பிழைப்பதே சந்தேகமாக இருந்ததாம். பிழைத்தால் மகன் முடியைக் கத்தி படாமல் வளர்த்து, தைப்பூசத்தன்று முருகனுக்கு இறக்குகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாராம். தைப்பூசத்துக்கு இன்னும் பல மாதம் இருந்தது.

சின்னவன் சொன்னான், "எதிர்க் கடை சிங்கு கிட்ட சொல்லித் தலைப்பா கட்டிவிட்றலாம்லா. உள்ள எவ்வளவு முடி இருந்தா யாருக்குத் தெரியும்?"

நேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன விசரா? அது அவங்கட சமயம். விளையாட்டுக்குக் கட்டுறதோ?"

"அப்ப சின்ன விக்கு ஒண்ணு வாங்கி மேல மாட்டு" என்றான் பெரியவன்.

"முடிக்கு மேல முடியா? தலையணைய மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கும்" என்று சின்னவனே மறுத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, பேச்சுக்குத்தான் சொல்றேன். வாத்தியார் மவன் இருக்கான்ல, அவனும் பாடுவான்..."

"...நல்லா வகிடு எடுத்து சீவியிருப்பான்" என்று பெரியவன் முடித்தான்.

தங்கராஜ் எழுந்தான். "வேற ஆளைப் போட்டுக்கங்க. சாமிக்கு விட்டத நான் தொட மாட்டேன்." டயர் அடுக்கில் இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வயதில் மூத்தவன், கடைச் சாவி வைத்திருப்பவன் என்ற இரண்டே தகுதியில் முடிவு என் தலையில் விழுந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கராஜை விட்டால் பேண்ட் இருக்கும், ஆனால் அது எங்கள் பேண்டாக இருக்காது. லவுஞ்சை விட்டால் பெரியவனும் சின்னவனும் வேறு பேண்டுக்குப் போய்விடுவார்கள். யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடாமல், கடைசியில் அவன் அம்மாவையே நேரில் கேட்டுவிடுவது என்று முதலாளியின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கினேன். கோலா கங்சார் போகும்வரை மழை வருமா, சங்கிலி அறுந்துவிடுமா, அந்த அம்மா திட்டி அனுப்பிவிடுவாரா என்று மாற்றி மாற்றிக் கவலை.

நான் போனபோது பால் நிறுத்து முடிந்து, அவர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"நீங்கதான் குணாவா? மவன் சொல்லியிருக்கான். ரொம்ப பயந்த அண்ணன்னு."

நான் சுற்றி வளைத்து, சாமியிடம் மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொண்டு, தைப்பூசத்துக்கு முன்னாலேயே முடி இறக்கலாமா என்று கேட்டேன்.

"எந்தத் தைப்பூசம்?" என்றார்.

"வர்ற தைப்பூசம்மா."

வாளியைக் கீழே வைத்தார். "தம்பி, அது எப்பவோ இறக்கியிருக்க வேண்டிய முடி. ரெண்டு தைப்பூசம் போயிருச்சு. வருசா வருசம் ஏதாச்சும் சாக்கு சொல்றான். ‘பேண்டுக்கு வேணும்மா, அந்த அண்ணனுங்க எல்லாம் இந்த முடிய நம்பித்தான் இருக்காங்க’ன்னான். இத்தன பேரு பொழப்பு இதுல இருக்கேன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். ஆனா மகளுக்கு லேசா இருமல் வந்தாக் கூட எனக்கு ஈரக்கொலை நடுங்குது. முருகன் கேக்குறானோ, கேக்குறானோன்னு."

எனக்கு முதலில் வந்தது கோபம். எங்களிடம் சாமியைக் காட்டி முடியைக் காப்பாற்றியிருக்கிறான். அம்மாவிடம் எங்களைக் காட்டிச் சாமியை ஏமாற்றியிருக்கிறான். ஆனால் திரும்பி வரும் வழியில் கோபம் நிலைக்கவில்லை. பயந்தவனுக்கு இன்னொரு பயந்தவனை அடையாளம் தெரியும். இவ்வளவு பொய்யும் சொல்ல வைக்கிற அளவுக்கு ஏதோ ஒரு பயம் அவனுக்குள் இருக்கிறது என்று மட்டும் புரிந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவனை ஒரு தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனேன்.

"உங்கம்மாவப் பாத்துட்டு வந்தேன்" என்றேன்.

கிளாஸில் கரண்டி நின்றது. "பேண்டுல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

கிளாஸைத் தள்ளி வைத்தான். "அண்ணே, ஒண்ணு கேக்குறேன், உண்மைய சொல்லுங்க. என்னை எதுக்குச் சேத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "முடிக்குத்தான்" என்றேன்.

"தெரியும். ஜனங்களும் அதத்தான் பாக்குறாங்க. முடிய எடுத்துட்டா நான் யாருண்ணே? சைக்கிள் கடையில டியூப்பு ஒட்டுறவன்."

"முடிக்குத்தான் சேத்தோம். அப்புறம் நீ பாடுன. அந்த மாதிரி ஒரு குரல நான் கேட்டதே இல்ல. பெரியவன் குச்சிய கீழ போட்டானே, பாக்கலையா?"

"கை வழுக்கிருச்சுன்னு நெனச்சேன்."

"இல்லடா. அசந்து போயிட்டான்."

"அத ஏண்ணே அப்பவே சொல்லல?"

"கண்ணு பட்டுரும்னு."

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. சிரிப்பதா, கிளாஸை என் மேல் எறிவதா என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில கோயில். மத்தியானம் மேடை. ரெண்டுக்கும் கூட நான் வாரேன்" என்றேன்.

"மொட்டத் தலையோடவா?"

"ரெண்டு விரல்தானே கேட்டாங்க மேடம்? நாம முழுசாவே குடுப்போம்."

"பாட வரலன்னா?"

"வரலன்னா மேடம் கிட்ட நான் பேசிக்கிறேன். அந்தக் கவலைய எனக்கு விட்டுரு. எனக்குப் பழக்கம்."

மற்றவர்களிடம், "அம்மா சம்மதிச்சுட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். ஒரு பேண்டில் எல்லா உண்மையும் எல்லாருக்கும் தெரிந்தாக வேண்டும் என்று இல்லை. ஒருவன் மறுபடி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றால், அவன் எப்படி விழுந்தான் என்பதை மற்றவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஈப்போ குகைக் கோயிலில் முடி இறக்கினோம். கத்தி வைக்க வைக்க அது மடியில் கருமேகம் மாதிரி விழுந்தது. உள்ளேயிருந்து வெளியே வந்த தலை இவ்வளவு சின்னதா என்று இருந்தது. காதுகள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. அம்மா சந்தனத்தைக் குழைத்து மொட்டைத் தலை முழுக்கப் பூசிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதார். பிறகு நான் வாங்கி வந்த இட்லியை ஒன்று விடாமல் சாப்பிட்டார். தங்கராஜ் ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை. கை அடிக்கடி தலைக்குப் போனது, ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

அம்மாவின் பஸ் சாயங்காலம்தான். அதனால் அவரையும் லவுஞ்சுக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று. இதனால் எனக்குப் புதிய கவலை. பெரியவனிடமோ சின்னவனிடமோ அவர் பேச்சுவாக்கில் இரண்டு தைப்பூசக் கதையைச் சொல்லிவிட்டால்? அவரை மேடைக்கு ரொம்பத் தள்ளி, கடைசி மேசையில், ஆரஞ்சு தண்ணீரோடு உட்கார வைத்தேன்.

மேடம் தங்கராஜைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தார். "அலாமாக்! இவன் என்ன, லோக்காப்புல இருந்து வந்தானா?"

"கோயிலுக்கு வேண்டுதல் மேடம்" என்றேன்.

"என் கஸ்டமருக்கு அது தெரியுமா?" யாரோ ஒரு வெயிட்டரின் தொப்பியைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்த்தார். அது காதுவரை இறங்கியது.

முதல் பாட்டு. ஆடுகிற இடத்தில் ஒருவரும் இல்லை. தங்கராஜ் தரையைப் பார்த்துப் பாடினான். குரல் உதட்டைத் தாண்டவில்லை. அதற்குள் அந்த இடைவெளி வந்துவிட்டது. பழக்க தோஷத்தில் நாங்கள் அதை எடுக்காமல் விட்டிருந்தோம். டிரம்ஸ் மட்டும் ஓடியது. தங்கராஜும் பழக்க தோஷத்தில் தலையை ஆட்டினான். தொப்பி பறந்து போய் யாரோ ஒருவரின் கேக் மேல் விழுந்தது. சந்தனம் பூசிய மொட்டை விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது.

"போத்தாக்!" என்று ஒரு குரல் கத்தியது. மலாயில் மொட்டை என்று அர்த்தம். லவுஞ்சே சிரித்தது.

தங்கராஜ் மைக்கை விட்டுத் திரும்பினான். மேடையிலிருந்து இறங்க ஒரு பக்கம்தான் படி. அது என் பக்கம். பெரியவன் வாசிப்பை நிறுத்தலாமா என்று என்னைப் பார்த்தான். இடைவெளி முடிந்த இடத்தில் என் விரல் தானாக வாசிக்கத் தொடங்கியிருந்தது. இங்கே நிறுத்தினால் சிரிப்பு மட்டும்தான் மிஞ்சும் என்று தெரிந்தது. நிறுத்தாதே என்று பெரியவனுக்குத் தலையசைத்துவிட்டு, வாசித்துக்கொண்டே நகர்ந்து படியை மறித்து நின்றேன்.

"வழி விடுங்கண்ணே."

"பாட்டு முடியல."

"சிரிக்கிறாங்கண்ணே!"

"முடிய ஆட்டித்தான் இத்தன நாளா அவங்களப் பாக்க வெச்ச. இப்ப சும்மாவே பாக்குறாங்க. போய் ஏதாச்சும் சொல்லு."

அதே நேரம் அந்தக் குரல் மறுபடி கத்தியது, "போத்தாக்!" பெரியவனின் முதல் தட்டில் அச்சாக வந்து விழுந்தது அந்தச் சொல். தங்கராஜின் முகம் மாறியதைப் பார்த்தேன். எங்கள் எல்லாருடைய காதும் தாளத்துக்குப் பழகியது அல்லவா? அவனுக்கும் கேட்டிருக்கிறது. ஓடிப்போய் மைக்கைப் பிடித்தான்.

"சாப்பா போத்தாக்?" யார் மொட்டை?

சின்னவன் கிட்டாரோடு கத்தினான், "போத்தாக்!"

"சாப்பா?"

"போத்தாக்!" என்றன இரண்டு மேசைகள்.

இப்போது அந்த மணல் குரல் முழுதாகத் திறந்தது. கேள்வியைக் கெஞ்சிக் கேட்டான், மிரட்டிக் கேட்டான், காதலியிடம் கேட்பதுபோல் குழைந்து கேட்டான். ஜனங்கள் தட்டுத் தவறாமல் பதில் சொன்னார்கள். கேக்கில் தொப்பி விழுந்த ஆள்தான் முதலில் ஆட எழுந்தார். கடைசி மேசையில் அம்மா மட்டும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார், ஆனால் மகனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முடிந்ததும் மேடம் எங்களைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். சந்தோஷத்தில் அவருக்கு வேர்த்திருந்தது. "வேலை உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. இவன் எப்பவும் போத்தாக்கா இருக்கணும். வாராவாரம் அந்தப் பாட்டு. போஸ்டர்லயே போடுறேன்."

"வாராவாரம் ஒரு பிளேடு. அவ்வளவுதான்லா!" என்றான் பெரியவன்.

பின்னாலேயே வந்திருந்த அம்மா என் கையைப் பிடித்தார். "தம்பி, அப்பன் உசுரோட இருக்குறப்ப சும்மா சும்மா மொட்டை அடிக்கக் கூடாது. வேண்டாம்னு சொல்லு."

மேடம், பெரியவன், சின்னவன், நேசன், அம்மா எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் இரண்டு பக்கமும் நோகாமல் ஒரு சொல் தேடினேன். மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்லலாமா, தொப்பி என்று சொல்லலாமா...

தங்கராஜ் எனக்கு முன்னால் வந்து நின்றான்.

"மேடம், நாளைக்கே முடி மொளைக்க ஆரம்பிச்சிரும். காலருக்கு மேல ரெண்டு விரல், அத நான் பாத்துக்குறேன். அந்தப் பாட்டு இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். நான் பாடுறது புடிச்சிருந்தா கூப்பிடுங்க. இல்லாட்டி வேண்டாம்."

மேடம் அவனைக் கால் முதல் தலை வரைக்கும் பார்த்தார். "யோசிச்சு சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டார்.

"கெடுத்துட்டடா" என்றான் சின்னவன். பெரியவன் அந்தப் பேச்சை முடித்து வைக்கக் கூட வாயைத் திறக்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் நான் ஒழுங்காக ஒரு டயரும் மாட்டவில்லை. ஒரு லாரிக்காரர் திட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மேடத்தின் டிரைவர் காரோடு கடைக்கு வந்தார். நான் பதறி எழுந்தேன். அவர் பின் டயரைக் காட்டினார், காற்று இறங்கியிருந்தது. ஒட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண்ணாடியை இறக்கினார்.

"ஞாயித்துக்கிழமை சாமான் எறக்க எத்தன மணிக்கு வாரீங்கன்னு மேடம் கேக்கச் சொன்னாங்க."

அந்த ஞாயிறு தங்கராஜின் தலையில் பச்சை படர்ந்த மாதிரி முடி அரும்பியிருந்தது. தொப்பி இல்லை. இடைவெளியை எல்லாப் பாட்டிலிருந்தும் எடுத்துவிட்டோம். அந்த இடங்களிலும் அவன் பாடினான். மூன்றாவது பாட்டின் நடுவில் என் பக்கம் சாய்ந்து, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, பதறிப்போய்ச் சொன்னான்:

"அண்ணே, ஒருத்தர் கூட மேடையப் பாக்க மாட்டேங்குறாங்கண்ணே."

நிமிர்ந்து பார்த்தேன். உண்மைதான். ஒரு மேசையிலும் ஆள் இல்லை.

"ஆடுறாங்கடா" என்றேன். "பாடு."